பெடலுக்கும் எலிக்கும் நடுவே

மார்ச் 3
மணி அடிக்கும், நான் தரையிலுள்ள பெடலை மிதிப்பேன், எலியின் மூளைத்தண்டில் செருகிய கம்பிக்குத் துளி மின்சாரம் போகும், எலி நடக்கும். பத்து வருஷமாக இந்த ஆய்வகத்தில் இதுதான் என் பிழைப்பு. இன்று ஏழாம் எலி அரை நொடி தாமதித்தது. போன மாதம் மணி அடித்ததுமே கிளம்பிய ஜீவன்! என்ன வந்தது இதற்கு?

மார்ச் 5
முக்கால் நொடி. “கம்பி நகர்ந்திருக்கும். மூளையை அறுத்துப் பாத்துடுங்க” என்று சொல்லிவிட்டு ஆய்வகத் தலைவர் சார் காபி குடிக்கப் போய்விட்டார்.

மார்ச் 6
கொன்று, அறுத்துப் பார்த்தோம். கம்பி இம்மியும் நகரவில்லை.

மார்ச் 14
எட்டாம் எலியும் அதே கதை. கூட வேலை செய்யும் வாயாடி சொன்னாள்: “இந்த ரூம் மேல யாரோ கண்ணு வெச்சுட்டாங்கக்கா.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15
காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நின்றேன் — அவ்வளவுதான். “என்ன, தரையில கோந்து கொட்டிக் கிடக்கா?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அப்படித்தான் இருந்தது. முழங்கால் வலி என்று புளுகினேன்.

மார்ச் 19
ஒன்பதாம் எலி ஒரு நொடி. நாளை அறுக்க வேண்டுமாம்.
மதியம் நான் கை கழுவப் போனபோது, மணி அடித்ததும் வாயாடி பெடலை மிதித்திருக்கிறாள். “எனக்குன்னா உடனே நடக்குதுக்கா!”
ஐயோ. தாமதத்தை அளக்கும் கடிகாரம் மணி அடித்ததிலிருந்து அல்லவா ஓடுகிறது? நடுவில் இருப்பது என் கால். தாமதம் எலியிடம் இல்லை.
அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வாசலில் கால் எழும்பாமல் நின்றார். அப்புறம் எங்கேயும் போகவில்லை.
சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒன்பதாம் எலி சாகும்.

மார்ச் 20
சொல்லலை. வாயே வரலை. கத்தியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். பாவி நான், பாவி.

ஏப்ரல் 2
பத்தாம் எலி வந்தது. முழங்கால் வலியைச் சாக்காக வைத்து, வாயாடியையே பெடலை மிதிக்கச் சொன்னேன். மணி அடித்ததும் எலி நடந்தது. “கடைசியில கம்பியைச் சரியா வெச்சுட்டீங்களே!” என்று சார் மெச்சினார். எல்லாரும் காபி குடிக்கக் கிளம்பினார்கள். “வாங்கக்கா.” “நீங்க போங்க, பின்னாடியே வரேன்” என்றேன்.
அவர்கள் குடித்துவிட்டுத் திரும்பியபோதும் நான் அதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.