சுண்டு கப்பலுக்கு வருகிறான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்கக் கை வரவில்லை. நான் இருக்கிறேன். நீங்களும் ஏதோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்று நீ தலையாட்டுவது எனக்கு இங்கே கேட்கிறது. வைத்த மறுநிமிடம் மறந்துவிடுவாய். உன் மனைவி போன் பக்கமே வருவதில்லை. சுண்டுவிடம் கொடு என்றால் தூங்குகிறான் என்கிறாய். பட்டப்பகலில் அந்தப் பயலுக்கு அப்படி என்னடா தூக்கம்? அவன் குரலைக் கேட்டு மழைக்காலமே போய்விட்டது. எழுத்தில் இருந்தால் மூன்று பேரும் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தக் கப்பல் பயணத்தை நீங்கள் ரத்து செய்துவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். "சுண்டு விடமாட்டேங்கிறான்க்கா, கப்பல் கப்பல்னு தினமும் அழுறான்" என்றாய். சரி, அவனுக்காவது ஒரு மாறுதல் வேண்டும், வாருங்கள். ஆனால் நான் வேலை செய்யும் கப்பல் என்பதற்காகப் பிள்ளையை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போடாதே. அங்கே நான் உன் அக்கா இல்லை, ரூம் சுத்தம் செய்கிறவள். என் தளம் வேறு, உங்கள் தளம் வேறு. விடிந்தால் அடைந்தால் ஊரார் படுக்கையை உதறிக்கொண்டிருப்பேன்.

முதல் விஷயம், பால்கனி ரூம் வேண்டாம். ஏறும் நேரத்தில் கவுண்டரில் இருப்பவர்கள் வாயெல்லாம் தேனாக, மாற்றித் தருகிறோம் என்பார்கள். உனக்கும் சபலம் தட்டும். வேண்டாம் என்று சொல். அங்கே ஒரு நாற்காலி கிடக்கும், நாற்காலிக்கு மேலே கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. சுண்டு எதன் மேல் ஏறமாட்டான் என்று உன்னால் சொல்ல முடியுமா?

பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். ரூமுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் பிள்ளை நீச்சல் குளத்தைப் பார்த்துக் குதிப்பான். அவன் நீச்சல் உடை, மருந்து, ஒரு மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு கைப்பையில் தனியாக வைத்துக்கொள். வாந்திக்கான மாத்திரையை டாக்டரைக் கேட்டு ஏறுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடு. தலை சுற்றிய பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும், நான்தான் துடைக்க வேண்டியிருக்கும். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்பதும் ஆகாது. சாப்பாடு மலைபோல் குவிந்திருக்கும். பார்த்ததையெல்லாம் தட்டில் அள்ளுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

குளத்தருகே காவலுக்கு ஆள் இருக்கிறார் என்று நம்பிப் போனை நோண்டாதே. சில நேரம் இருப்பார், சில நேரம் இருக்கமாட்டார். தண்ணீரில் தவிக்கிற குழந்தை கத்தாது, தம்பி. சத்தமே இல்லாமல் போகும். ரூம் கதவுகள் இரும்பு, தானாகச் சாத்திக்கொள்ளும். விரலை வைத்தால் விரல் போச்சு. நடைபாதை முழுக்க எல்லாக் கதவும் ஒரே அச்சு. காந்தம் ஒட்டும் கதவுதான், அவனுக்குப் பிடித்த பொம்மைக் காந்தம் ஒன்றை வாங்கி வந்து வெளியே ஒட்டிவிடு. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிப் பழக்கு. கப்பலில் தொலைகிற பிள்ளைகள் எல்லாம் நிற்காமல் தேடிப் போகிற பிள்ளைகள்தான். கப்பல் கிளம்புவதற்கு முன் அபாயச் சங்கு ஊதி ஒத்திகை பார்ப்பார்கள். அதையும் முன்கூட்டியே சொல்லி வை, பயந்துவிடுவான்.

எழுதத் தயங்கியதை இனிமேல்தான் எழுதப்போகிறேன். நீ ரூம் எடுத்தது நாலு பேருக்கு. அப்போது உன் மகள், நம் வாயாடி, இருந்தாள். சுவரில் மடக்கி வைத்திருக்கும் மேல் படுக்கை எனக்குத்தான் என்று சுண்டுவோடு சண்டை போட்டு ஜெயித்தாள். ஜெயித்த கதையை எனக்குப் போனில் அரைமணி நேரம் சொன்னாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும், அது மூளைக்கு ஏறியபோதும், நீங்கள் அவளை வழியனுப்பியபோதும் நான் நடுக்கடலில் இருந்தேன். ஒப்பந்தம் முடியாமல் இன்றுவரை உன் வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை.

நீங்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் உங்கள் ரூமைச் சுத்தம் செய்யும் ரூம்காரர் வந்து மேல் படுக்கையை இறக்கி விரித்து, துண்டை முயல் மாதிரி மடித்து அதன் மேல் வைத்துவிட்டுப் போவார். தாளில் ஒரு குழந்தை பெயர் இருந்தால் அதுதான் அவர் வேலை. வந்தது யார், வராதது யார் என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உன் மனைவி அதைப் பார்க்கக் கூடாது. உங்கள் தளத்து ரூம்காரரிடம் நான் பேசிவிட்டேன், படுக்கையை இறக்கமாட்டார். ஆனால் பிள்ளைகளுக்குக் கையில் கட்டும் பெயர்ப் பட்டையும் சாப்பாட்டு மேசையில் போடும் நாற்காலியும் அலுவலகத்தின் பொறுப்பு. வாயாடியின் பெயரை எடுக்கச் சொல்லி நீதான் எழுத வேண்டும். ஒரு வரி போதும், எழுதிவிடு.

உன் மனைவியைச் சாப்பிட வை. நீயும் சாப்பிடு. சுண்டுவுக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
உன் அக்கா

*

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். "என்னால பதில் எழுத முடியாது, நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன். இவ்வளவு நாள் உங்களோடு பேசாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை, அண்ணி.

மேல் படுக்கையை மூடச் சொல்லாதீர்கள். பெயரையும் எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். என்னைத் திட்டாமல் படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த நாட்களில் சுண்டு பக்கத்து வீட்டில் இருந்தான். அக்கா எங்கே என்று கேட்டுக் கேட்டு அந்த வீட்டு அம்மாவைத் துளைத்திருக்கிறான். அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உங்க அக்கா அத்தையோட கப்பலுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் முடிந்து நாங்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் நின்றுகொண்டு, "என்னைய விட்டுட்டு அவ மட்டும் போயிட்டால்ல" என்று சண்டைக்கு வந்தான். அண்ணி, அவன் முகத்தில் அவள் மேல் பொறாமை இருந்தது. செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்த நாளை இன்னும் வரவில்லை.

நீங்கள் போன் செய்தால் அவன் ஓடி வந்து, அக்காவிடம் கொடுங்கள் என்று கேட்பான். அதனால்தான் உங்கள் பெயரைத் திரையில் பார்த்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். கப்பலுக்குப் போக வேண்டும் என்று அவன் அழுவது கப்பலுக்காக இல்லை.

நீங்கள் எழுதிய கைப்பையை அவனே தயார் செய்துவிட்டான். நேற்று நான் திறந்து பார்த்தேன். நீச்சல் உடைக்கு அடியில் அவளுடைய சீப்பும் ஹேர்பின்களும் இருந்தன. "அவ அவசரத்துல மறந்துட்டுப் போயிட்டாம்மா, தலையெல்லாம் சிக்கா கிடக்கும்" என்கிறான். நான் பையை மூடி வைத்தேன். அழவில்லை. இந்த வீட்டில் நான் அழுவதே இல்லை. அழுதால் ஏன் என்று கேட்பான்.

உங்கள் காலில் விழுந்து ஒன்று கேட்கிறேன். நாங்கள் ஏறும்போது நீங்கள் வாசலுக்கு வருவீர்கள் என்று அவர் சொன்னார். அவன் கேட்பான். அக்கா நேற்றுத்தான் வேறு கப்பலுக்கு மாறிப் போனாள், அங்கே அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவான். கப்பலில் இருப்பவர் நீங்கள்தானே. அவன் கொஞ்சம் வளரட்டும், அதுவரைக்கும்தான்.

தங்கள்,
தம்பி மனைவி

*

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைத் துணி வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். திட்டாமல் படியுங்கள் என்று எழுதியிருந்தாய். திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேற்பார்வைக்காரர் வந்து கதவைத் தட்டி, எத்தனை ரூம் பாக்கி என்று சத்தம் போட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வேலையைப் பார்த்தேன்.

நீ கேட்டதை நான் செய்யமாட்டேன். உன் மேல் கோபத்தில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும் பாசத்தில்தான், நீ சொல்லாமல் விட்டதும் பாசத்தில்தான். அதற்காக முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பாய்? அதுவும் இந்தக் கப்பலிலா? இங்கே ஊழியர்கள் மட்டும் போகிற கதவுகள் தளத்துக்குத் தளம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அவன் அக்கா இருப்பாள். நீ முகம் கழுவுகிற நேரம் போதும், ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிடுவான். இயந்திர அறைக்கும் போகும் அந்தப் படிகள். இல்லையென்றால் கம்பியில் ஏறி, கீழ்த்தளத்தில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்ப்பான். என் தம்பிக்கு நான் எழுதிய புத்திமதியெல்லாம் விளையாட வருகிற பிள்ளைக்கு எழுதியது. தேடி வருகிற பிள்ளையை இங்கே காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. ஒன்றைப் பறிகொடுத்தவள் நீ. பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

வேறு கப்பல் என்கிறாய். துறைமுகத்துக்குள் நுழைந்தால் வரிசையாகக் கப்பல்கள் நிற்கும். எது என்று கேட்பான். எதைக் காட்டுவது?

இன்னொன்றையும் யோசித்துப் பார். பயணம் முடிந்து எல்லாரும் இறங்குவார்கள். அவன் இறங்கமாட்டான். கூட்டத்தின் நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிற பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து நீ தூக்கிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வளர்ந்த பிறகு, எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியவரும்.

வீட்டிலேயே சொல்லிவிடு. காலையில் சொல், ராத்திரி வேண்டாம். நீ மட்டும் சுமக்காதே, என் தம்பியையும் பக்கத்தில் உட்கார வை. அவன் நழுவப் பார்ப்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சட்டையைப் பிடித்து உட்கார வை. தூங்குகிறாள் என்று சொல்லாதே, அப்புறம் இவன் தூங்கப் பயப்படுவான். போயிருக்கிறாள் என்றும் சொல்லாதே, போனவர்கள் திரும்பி வருவார்கள். செத்துப்போய்விட்டாள் என்று சொல். காய்ச்சல் வந்தது, டாக்டர்கள் பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை, அவள் இனி வரமாட்டாள். அவ்வளவுதான். அவன் அவளோடு போட்ட சண்டையால் அவள் சாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். அவன் கேட்கமாட்டான், ஆனால் உள்ளே அதுதான் ஓடும்.

கேட்டுவிட்டு உடனே விளையாடப் போனாலும் போவான். கல் நெஞ்சு என்று நினைக்காதே. திரும்பி வந்து அதையே மறுபடி கேட்பான், மறுபடி சொல். சாப்பிடும்போதும், செருப்பு மாட்டும்போதும் கேட்பான். உனக்கு அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழு. இவ்வளவு நாள் அடக்கியது போதும், அம்மாடி. நீ அழுவதைப் பார்த்தால்தான், தானும் அழலாம் என்று அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கப்பலே வேண்டாம் என்று அவன் சொன்னால் வராதீர்கள். எனக்கு வருத்தமில்லை, ஒப்பந்தம் முடிந்ததும் நான் வருகிறேன். வருகிறேன் என்று சொன்னால் வாருங்கள். பெயரை எடுக்கச் சொல்லி என் தம்பி அலுவலகத்துக்கு எழுதட்டும். மேல் படுக்கையில் தான் படுப்பதா வேண்டாமா என்பதைச் சுண்டுவே சொல்லட்டும்.

நீங்கள் ஏறும் நாளில் கொஞ்ச நேரம் வாசலில் நிற்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. நான் தனியாகத்தான் நிற்பேன். அவன் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தானானால் அந்த இடத்திலேயே நான் விழுந்துவிடுவேன், தாயே. நேரே என் முகத்தைப் பார்த்து வருகிற பிள்ளையாக அவனைக் கூட்டிக்கொண்டு வா. உனக்கு அந்தத் தைரியம் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணி