பதினொரு பாகை

ஜூலை 9, செவ்வாய்
காலையில் வீட்டுக்கு அடியிலுள்ள காஸ் ஹீற்றர் வேலை செய்யவில்லை. முன்கூடத்து வெப்பமானியில் பதினொரு பாகை; இங்கே ஜூலைதான் நடுக் குளிர்காலம். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் தரைக்குக் கீழே ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நேற்றும் இரண்டு தரம் பாதியில் நின்றது. கவனித்திருக்க வேண்டும்.

மனைவி யோகராணி மகள் வித்தியா வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்துநான்கு நாள். நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவளை வித்தியா நேரே பக்குரங்காவிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். வீடு பதினெட்டுப் பாகைக்குக் குறையக் கூடாது என்று டொக்டர் சொன்னாராம். வருகிற 21ஆம் திகதி ஞாயிறு இங்கே கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.

பின்னேரம் விளக்கேற்றினேன். அவள் செய்கிற வேலை. இப்போதெல்லாம் அது அணைவதில்லை.

ஜூலை 10
கையேட்டின்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுவர்ப் பொத்தானின் பற்றரியை மாற்றினேன். அடுப்பு எரிகிறது; ஆகவே காஸ் வருகிறது. ரோச் லைற்றுடன் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து வடிகட்டியைக் கழற்றினேன். துப்புரவாகத்தான் இருக்கிறது. மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றியதும் பத்து நிமிடம் ஓடியது. யோகாவுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். ஹீற்றர் நின்றுவிட்டது.

பௌதிகவியல் முப்பத்தொரு வருஷம் படிப்பித்தவன். வெப்பம் என்ற பாடத்தை எத்தனை தரம் நடத்தியிருப்பேன்?

ஜூலை 12
வித்தியா போன் எடுத்தாள். “அப்பா, வீடு சூடா இருக்குதுதானே?”

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னனான்? பழுது என்றால் வீட்டை வித்துப்போட்டு ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ எண்டு திரும்பத் தொடங்குவாள். அவளோட வாதாட எனக்கு ஏலாது. பொய் சொல்லவும் ஏலாது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்.

பிறகு யோகா போனை வாங்கினாள். நான் என்ன சாப்பிட்டேன், பிறஷர் குளிசை போட்டேனா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் மெதுவாக, “ஞாயிறு எத்தினையாம் திகதி?” என்றாள்.

அவளுக்குத் திகதி தெரியும்.

ஜூலை 13
ஒன்பது பாகை. அவள் பக்கத்துப் போர்வையையும் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 16
ஹீற்றர் திருத்துகிறவருக்குச் சொல்லவேண்டியதை இங்கிலிஷில் தாளில் எழுதி, இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். வியாழன் வருகிறார்.

ஜூலை 18, வியாழன்
ரோனீல் என்ற ஃபிஜி இந்தியப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். வீட்டில் அண்மையில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அடியில் போய்ப் பார்த்து வந்தவன், கூடத்தில் சுவரில் பூட்டிய சாமித் தட்டுக்கு முன்னால் நின்றான். தட்டுக்குக் கீழே, ஹீற்றர் காற்றை உள்ளிழுக்கும் சுவர்க் கம்பிவலை. அதன்மேல் யோகாவின் மண்ணிறச் சேலை, நாலாக மடித்து ஆணியடித்தபடி.

“அங்கிள், இதை யார் போட்டது?”

நான்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் விளக்கை நான் ஏற்றத் தொடங்கினேன். முதல் மூன்று பின்னேரமும் சுடர் வலைப்பக்கம் சாய்ந்து அணைந்தது. மூன்றாம் நாள் அவளுக்கு ஒட்சிசனைக் கூட்டியிருப்பதாக வித்தியா சொன்னாள். காற்று இழுப்பதால்தான் அணைகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என்றாலும் ஆணியும் சுத்தியலும் தேடினேன். அலுமாரியில் எத்தனையோ துவாய் கிடக்கச் சேலையைத்தான் எடுத்தேன். விளக்கு எரியும் நேரத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். பிறகு எடுக்க மனம் வரவில்லை.

மெசின் ஒரு மாதமாக மூச்சுவிட வழியில்லாமல் சூடேறி, கடைசியில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறதாம். ரோனீல் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் விளக்கேற்றுகிறவர்தான் என்றான். கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுத் தட்டைக் கழற்றி எதிர்ச்சுவரில் பூட்டினான்.

ஜூலை 19
பதினெட்டு. யோகாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. வித்தியாவுக்குத் தானே சொல்வதாகச் சொன்னாள்.

“முப்பது வருஷம் படிப்பிச்ச மனுசன்” என்று இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்:

“எந்தச் சேலை?”

“மண்ணிறம்.”

“அது கிழிஞ்சதெல்லோ. நல்லதா ஒண்டை எடுத்திருக்கலாம்.”

ஜூலை 21, ஞாயிறு
காலை ஐந்து மணியிலிருந்து ஓடவிட்டேன். இருபத்திரண்டு. பதினொன்றேகாலுக்குக் கார் வந்தது. யோகா கம்பளித் தொப்பியைக் கழற்றி, “என்ன இது, வேக்காடு” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட்டாள்.

பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. நான் மூடவில்லை.