குடமிளகாயும் நான்காம் மாடியும்

ஆகஸ்ட் 26, ஃபெராரா

வந்து சேர்ந்தோம். இடுப்பு கழன்று விழாததுதான் பாக்கி. பல்கேரியாவில் எங்கள் ஊர் யாம்போலில் கிளம்பி இத்தாலி வந்து சேர்வதற்குள் பிளாமெனும் நானும் இரண்டு முறை விவாகரத்து வரைக்கும் போய்த் திரும்பினோம். எல்லாம் அந்த சுஷ்கோபெக்கால் வந்த வினை. வாளி மாதிரி இருக்கும், குடமிளகாய் சுடுகிற மின் அடுப்பு. ஒன்று போதாதென்று இரண்டு. அவை ஏறுவதற்காக என் குளிர்காலக் கோட்டை என் அக்கா ராட்கா வீட்டில் இறக்கி வைத்துவிட்டான் மனுஷன். "கோட்டு இத்தாலியில கிடைக்கும். இது கிடைக்குமா?" என்று என்னையே கேட்கிறான். நாடு மாறும் பெண்களுக்கு என் முதல் அறிவுரை: காரில் சாமான் ஏற்றும்போது கணவனைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

கிளம்பும்போது அக்கா வாசலில் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் ஊர் வழக்கம்: போகிறவர்களுக்கு, வீட்டிலேயே தங்குகிறவர்கள் ஊற்ற வேண்டும், போகிற காரியம் தடையில்லாமல் ஓடும். தெரு திரும்பும்வரை என் மகள் நெவெனா பின்சீட்டிலிருந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பதினாலு வயசு. என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினாள்: நவம்பர் பிறக்கும்வரை இருந்து பார்ப்பாளாம், பிடிக்கவில்லை என்றால் பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய் அங்கேயே படிப்பாளாம். சரி என்றேன். எந்த புத்தியில் சொன்னேன்?

ஆகஸ்ட் 30

நெவெனாவின் பெட்டி இன்னும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. சட்டையை எடுக்கிறாள், போடுகிறாள், துவைத்து மடித்து மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைக்கிறாள். அலமாரியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

செப்டம்பர் 4

வான்யா போனில் கூப்பிட்டாள். ஊரில் என்னோடு ஒரே வார்டில் நர்சாக இருந்தவள். வசந்தத்தில் அவர்களும் கிளம்புகிறார்களாம், "என்னென்ன செய்யணும், சொல்லு" என்றாள். என்னிடமா கேட்பது! ஒரு மணி நேரம் பொழிந்து தள்ளினேன். வந்ததும் முதல் வேலை வரி எண், அது இல்லாமல் வாடகைப் பத்திரம்கூடப் போட முடியாது. சான்றிதழ்களை அங்கேயே மொழிபெயர்த்து முத்திரை வாங்கிக்கொண்டு வா, இங்கே வந்து என்னைப்போல் அலையாதே. அழைப்பு மணியில் பெயர் ஒட்டு. குடியிருப்புப் பதிவுக்கு எழுதிக் கொடுத்தால், நிஜமாகவே அங்கே வசிக்கிறோமா என்று பார்க்க நகராட்சிக் காவலர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். ஆள் இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் என் மருத்துவமனை வேலை நகராது. பிளாமெனுக்குப் பேரிக்காய்க் கிடங்கில் வருகிற சம்பளத்தை வைத்து மட்டும் இங்கே குளிர்காலத்தைத் தள்ள முடியாது.

சோபாவில் கிடந்த நெவெனா தலையைத் தூக்கினாள். "அப்ப அந்த போலீஸ்காரர் கண்ணுல நாம படலைன்னா ஊருக்குத் திரும்பிடலாமா?"

"வாயைக் கழுவு" என்றேன். அவள் முகத்தில் ஓடிய வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 19

பள்ளி திறந்து நான்கு நாள். அவள் வாயே திறக்கவில்லையாம். "உங்க பொண்ணுக்குக் காது கேக்கும்தானே?" என்று டீச்சர் கவலையாக விசாரிக்கிறாள். காதா? தொலைக்காட்சியில் இத்தாலியன் ஜோக் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறாள். நான் இங்கே அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கள்ளி, எல்லாம் புரிகிறது.

செப்டம்பர் 25

தபால் பெட்டியில் ஒரு சீட்டு. காவலர் நேற்று மாலை வந்தாராம், மணி அடித்தாராம், யாரும் திறக்கவில்லையாம். இன்னொரு தடவை வருவார். அதுதான் கடைசி.

நேற்று மாலை நெவெனா வீட்டில்தான் இருந்தாள்.

"தூங்கிட்டேன்" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். அவளும் பதிலுக்கு, "என்னைக் கேட்டா வந்தீங்க?" என்றாள். கேக்கலதான். கேட்டிருந்தா வந்திருப்போமா? என்ன பண்றது இவள — திட்டினா அழறா, கொஞ்சப் போனா கதவச் சாத்திக்கறா. பயமா இருக்கு. வேலையப் பத்தி இல்ல, வேலை போனா இன்னொண்ணு. இவ இல்லாம இந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?

செப்டம்பர் 26

அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு இல்லை. பிளாமென் நடுவில் உட்கார்ந்து உப்பு டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்துகிறான்.

அக்டோபர் 4

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பிளாமென் சந்தையிலிருந்து இரண்டு பெட்டி சிவப்புக் குடமிளகாயோடு வந்தான். ஊரில் இந்நேரம் ஒவ்வொரு கட்டட வாசலிலும் சுஷ்கோபெக் எரியும், அதைப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம். வீட்டில் இரண்டையும் போட்டதும் மின்சாரம் போய்விட்டது. (வான்யாவுக்குச் சொல்ல வேண்டும்: இங்கே வீட்டுக்கு வருகிற மின்சாரம் ஒரு கைப்பிடி அளவுதான்.) அதற்கெல்லாம் அசருகிற ஆளா? யாம்போலில் செய்வதைப்போலவே அடுப்புகளைக் கீழே முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான், படிக்கட்டுக்கு அடியில் ஒரு பிளக்கைக் கண்டுபிடித்து நீளமான வயரை இழுத்தான். உரிக்க ஆள் வேண்டுமென்று நெவெனாவையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

வாசனை கிளம்பியதும் முதல் மாடி ஓர்னெல்லா அம்மாள் ஓடி வந்தாள். இதுவரை எங்களைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறவள். "எது எரியுது?" என்றாள். பிளாமென் ஒரு மிளகாயைத் தோலுரித்து, உப்பும் பூண்டும் வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு நீட்டினான். தின்றாள். போய் ஒரு நாற்காலியோடு திரும்பி வந்தாள்.

இரண்டாவது அடுப்பையும் போட்டோம். டப்பென்று ஒரு சத்தம். படிக்கட்டு விளக்கு போயிற்று. மேலேயிருந்து ஒரு அலறல்.

லிஃப்ட்! அந்த பிளக்கும் லிஃப்டும் ஒரே இணைப்பாம். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் யாரோ மாட்டிக்கொண்டார். மீட்டர் பெட்டிச் சாவி கட்டட நிர்வாகியிடம். அவரோ சாப்பாட்டு நேரத்தில் போனை எடுக்காத மகாராஜா.

மூன்றாம் மாடிக்கு ஓடினோம். உள்ளே இருந்தவருக்கு மூச்சு இரைக்கிறது, அந்தச் சத்தத்தை நான் எத்தனை முறை வார்டில் கேட்டிருக்கிறேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. மெதுவாக மூச்சு விட வைக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆனால் பதற்றத்தில் எனக்கு ஒரு இத்தாலியன் சொல்லும் வரவில்லை. ஓர்னெல்லாவோ "கடவுளே, கடவுளே" என்று அவரை இன்னும் பயமுறுத்துகிறாள்.

நெவெனா தரையில் மண்டி போட்டு, கதவிடுக்கில் வாயை வைத்தாள். பேசினாள். தங்குதடையில்லாமல், இந்த ஊர்க்காரி மாதிரியே பேசினாள். ஓர்னெல்லா அவ்வப்போது அதையே எளிய இத்தாலியனில் எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், பாதி எனக்கே புரிந்தது.

"சார், உக்காருங்க. என்கூட சேர்ந்து மூச்சு விடுங்க. எங்கம்மா நர்ஸ், பக்கத்துலதான் இருக்காங்க. ஒண்ணும் ஆகாது."

"என்னம்மா வாசனை இது?"

"குடமிளகாய். லிஃப்டை நிறுத்தினதும் அதுதான், மன்னிச்சுக்குங்க. எங்கப்பா வேலை."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எப்படிச் சுடுவது, தோல் எப்படி உரிப்பது, எல்லாம் சொன்னாள். அப்புறம், "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

"நான் நகராட்சிக் காவலர்மா. நாலாவது மாடியில ஒரு பல்கேரியக் குடும்பமாம். நெசமாவே இங்கதான் குடியிருக்காங்களான்னு பார்க்கணும். போன தடவை யாருமே இல்ல."

அப்படி யாரும் இல்லை என்று நெவெனா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவு கிடையாது. அவளுக்கும் அது தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்கப்புறம் நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"நாங்கதான் சார்" என்றாள். "போன தடவை நான்தான் கதவைத் திறக்கல. நாங்க இங்கதான் இருக்கோம்."

நான் அழுததைப் பார்த்து, காவலருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஓர்னெல்லாவும் அழுதாள்.

ஒரு வழியாக நிர்வாகி சாவியோடு வந்து, லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் முதலில் நெவெனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. "இவ்வளவு பெரிய அடையாளம் போதாதா?" என்று சொல்லி, முற்றத்தில் உட்கார்ந்து நாலு மிளகாய் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் எண்ணெய்க் கறை.

அக்டோபர் 5

லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: முற்றத்து பிளக்கில் காய்கறி சுடக்கூடாது. பிளாமென் அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

அக்டோபர் 21

பள்ளியிலிருந்து புகார். நெவெனா வகுப்பில் ஓயாமல் பேசுகிறாளாம். இரண்டு முறை படித்தேன், அவ்வளவு இனிப்பு. சாயங்காலம் ஓர்னெல்லா தன் குடமிளகாயோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு நேரத்துக்கு ஓர் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் நிறுத்தம்.

ஆனால் பெட்டி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. கேட்க எனக்கு தைரியம் இல்லை.

அக்டோபர் 31

காலையில் நெவெனா பெட்டியை உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "போலோஞாவுலேர்ந்து நம்ம நாட்டுக்குப் போற சோபியா பஸ் எத்தனை மணிக்கு?"

கொடுத்த சத்தியம். காரை எடுத்தேன். வழி நெடுக மூடுபனி. நல்லவேளை, அவள் பக்கம் திரும்பாமல் சாலையையே பார்க்க ஒரு சாக்கு.

பஸ் நிலையத்தில் பெட்டியைத் தூக்கிய டிரைவர், "கல்லா ஏத்தியிருக்கீங்க?" என்றார். நெவெனா திறந்து காட்டினாள். ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி, ஓர்னெல்லா கொடுத்த பேரிக்காய் ஜாம். ஒரு சட்டைகூட இல்லை.

"எல்லாம் பெரியம்மாவுக்கு" என்றாள் என்னிடம். "திரும்ப அனுப்பும்போது இதுலயே உன் கோட்டை வெச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன். இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சும்மா. நீ வேற வேலைக்குப் போகப்போற."

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பாதியை ஊற்றினாள்.

"ஏம்மா, நீ ஏறலையா?" என்றார் டிரைவர்.

"நான் தண்ணி ஊத்த வந்தவ, சார்."