மூலையில் ஒரு மங்குஸ்தான் தொலி

என் ஆசை மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறான். கை நடுக்கம்தான் அப்படியே இருக்கிறது. காபியை முக்கால் டம்ளர்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். நான் அதே அச்சன்புதூர் பள்ளிக்கூடத்தில் அதே டிராயிங் டீச்சர். ஆனால் இது நலம் விசாரிக்க எழுதுகிற கடிதம் இல்லை. போன மாசம் உங்களுக்கு ஒரு துரோகம் செய்தேன். அதை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பெண் ஓவியர்களைப் பற்றி எடுத்தேன். பாடத்தில் இல்லை, நானாக எடுத்ததுதான். படுக்கையில் கிடந்தபடியே கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்த மெக்சிகோ பெண், மண்சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்த பீகார்ப் பெண்கள், பழைய துணிகளை ஒட்டுப்போட்டே படமாக்கிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் என்று படங்களை ஒட்டி வாய் வலிக்கப் பேசினேன். "இவங்கள்ல பல பேரோட பேரு ரொம்ப நாள் வெளிய தெரியாமலே இருந்துச்சு" என்று வேறு சொன்னேன். சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு வீட்டுப்பாடம். நம் பக்கத்தில் ஒரு பெண் வரைந்த படத்தைக் கண்டுபிடித்து வர வேண்டும். பாதிப் பேர் அம்மா போட்ட கோலத்தைப் போட்டோ எடுத்து வந்தார்கள். மகேஸ்வரி என்ற பிள்ளை, குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் இருக்கும் தன் அப்பாவின் பழக்கடை போர்டைப் போட்டோ எடுத்துத் தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்தாள். ரம்புட்டான் குலை, துரியான், மங்குஸ்தான். கீழே மூலையில் 'செல்லப்பா ஆர்ட்ஸ்'.

"ஏட்டி, இது ஆம்பள பேருல்லா!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"பேருதான் அவருது. வரைஞ்சது அவரு வீட்டு அம்மாவாம். போர்டு வாங்கப் போனப்ப எங்க அப்பா கண்ணால பாத்துருக்காரு. டீச்சர், அவரு உங்க அண்ணன்தானாம்லா? நீங்களே சொல்லுங்க."

போட்டோவில், அண்ணன் பேருக்குப் பக்கத்தில் அந்த மங்குஸ்தான் தொலி கிடந்தது. பார்த்து வரைய நீங்கள் வைத்திருந்த பழத்தை நான் தின்றுவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "தின்னது தின்னுட்ட, அந்தத் தொலியையாவது அங்கன வையி ஏட்டி வடிவு" என்று சிரித்துக்கொண்டே அதையும் வரைந்தீர்களே.

நான் மகேஸிடம் சொன்னேன்: "பேரு யாருதோ அவங்கதான் வரைஞ்சது. வேற கொண்டுட்டு வா." அவள் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

போர்டு வரைந்துகொண்டிருந்த அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் நீங்கள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தீர்கள். "பொம்பள வரைஞ்ச போர்டுன்னா ஆர்டர் வராது, அண்ணன் பேரே இருக்கட்டும்" என்று முதலில் சொன்னது நான்தான். அதன்பிறகு நீங்கள் உள்ளறையில் வரைந்தீர்கள், அண்ணன் வாசலில் ஆர்டர் எடுத்தான். அண்ணன் மனசு நோகக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். உங்களுக்கு நொந்ததா மதினி? ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

அன்று சாயங்காலம் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்தான். "அவ பேரப் போடுதேன்னு நான் எப்பவோ சொன்னேன். வடிவுக்குப் பிடிக்காது, விடுங்கன்னுட்டா" என்றான்.

அண்ணனுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் எனக்கல்லவா பயந்திருக்கிறீர்கள்!

மறுநாள் வகுப்பில், மகேஸ் சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மகேஸ் ஒன்றுதான் கேட்டாள்: "அந்த அம்மா பேரு என்ன டீச்சர்?" கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் பெயின்ட் டப்பாவோடு பழக்கடைக்குப் போனோம். மகேஸின் அப்பா போர்டைக் கழற்றி இரண்டு பெட்டிகள்மேல் வைத்தார். நான் பிரஷ்ஷை எடுத்தேன். அண்ணன் பிடுங்கிக்கொண்டான். "என் பேரு இருக்க எடம். நான்தான் எழுதணும்."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் எழுதினான். 'இசக்கியம்மாள்.' எழுத்துகள் ஒன்றுமேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நான் ஓரத்தைச் சரிபண்ணப் போனேன். "தொட்டே, பாத்துக்கோ" என்றான். அப்புறம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானும் அழுதேன். உங்கள் கையெழுத்து இவ்வளவு கோணலா என்று ஊர் நினைக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் மெக்சிகோவுக்கு முன்னால் ஐந்தருவி ரோடு. பிள்ளைகளை அந்தப் போர்டு முன்னால் நிறுத்தி, உங்கள் பேரிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குவேன். அந்தப் பழத்தைத் தின்றது யார் என்று எவளாவது கேட்டால், அதையும் மறைக்க மாட்டேன்.

உங்கள் பங்கையும் சேர்த்துத் தின்ற நாத்தனார்,
சண்முகவடிவு