நட்சத்திரம் இல்லாத கோழி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். பேரனுக்குப் பல் முளைத்த படம் வந்தது. என் மனைவி அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். சம்பந்தியம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா?

எழுத வந்தது கோழியைப் பற்றி.

ஜாவா மொழியில் ‘மனுக்’ என்றால் பறவை. பிலிப்பைன்ஸின் தகலோக்கில் ‘மனோக்’ கோழி. நியூசிலாந்தின் மாவோரியில் ‘மனு’ மறுபடியும் பறவை. இவற்றின் மூதாதைச் சொல் ஆதியில் கோழியையே குறித்தது என்பது என் மகளின் முனைவர் பட்ட ஆய்வு. அவளுடைய முக்கியச் சான்று, ஒரு சிறு தீவின் மொழியில் அச்சொல் இன்றும் கோழியைக் குறிக்கிறது என்பது. நேரில் கேட்டு வந்ததாகச் சொல்லி அதை அவளிடம் கொடுத்தவர் நீங்கள்.

அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல நீங்கள் கொடுத்த சொல், மொழிக்கு மொழி ஒலி மாறும் விதிக்குப் பொருந்தியது. அதுதான் எனக்கு உறுத்தியது. அத்தீவில் பள்ளி நடத்தும் என் கல்லூரித் தோழரை விசாரிக்கச் சொன்னேன். ஊரார் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கோழிக்கு அவர்களிடம் முற்றிலும் வேறு சொல். “எங்க கோழிக்குப் பேரு வைக்க அவரு யாரு? படகை விட்டு இறங்கவே இல்லையே! வாந்தி எடுத்துக்கிட்டே திரும்பிட்டாரே!” என்றாராம் உங்களை ஏற்றிப் போன படகுக்காரர்.

காதால் கேட்காமல் ஊகித்த சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இடுவது மொழிநூல்காரர்களாகிய நமக்கு முதல் ஒழுக்கம். நீங்கள் விதியைக் கொண்டு ஒரு சொல்லை ஊகித்து, நட்சத்திரத்தை அகற்றி, அதையே விதிக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையில் செய்திருந்தால் உங்கள் பாடு என்று விட்டிருப்பேன். மருமகள் தலையில் கட்டிவிட்டீர்கள்.

அடுத்த மாதம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தொலைபேசியில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “போங்கப்பா, மாமா குடுத்ததைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?” என்று சிரித்தாள். நான் பேச்சைப் பேரன் பக்கம் திருப்பிவிட்டேன்.

நான் சொன்னால் இரு வீட்டுச் சண்டையாகிவிடும். உங்கள் மகன் நடுவில் கிடந்து திண்டாடுவார். ஆகவே நீங்களே சொல்லுங்கள், உங்கள் சாப்பாட்டு மேசையில், உங்கள் வாயால். அந்தச் சான்றை நீக்கியபின் மிஞ்சுவதைக் கொண்டு அவள் வாதாடுவாள். அந்தத் திராணி அவளுக்கு உண்டு. இம்மாத இறுதிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால், தோழரின் கடிதத்தோடு நான் உங்கள் வாசலில் வந்து நிற்பேன். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

அவள் உங்களை ‘மாமா’ என்று கூப்பிடுவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இதுவரை அச்சொல்லுக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை. தேவைப்படும்படி செய்துவிடாதீர்கள்.

பேரனுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
இன்றளவும் உங்கள் சம்பந்தி