பத்து விரலும் பச்சை விளக்கும்

அன்பு குறையாத என் வீட்டுக்காரிக்கு,

நான் இங்கே சுகம். என் கை என்னைவிடச் சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும், பிறந்து இன்னும் என்னைப் பார்க்காத அந்தக் குட்டி மகாராணியும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ, "சாப்பிட்டீங்களா, கேஸை அணைச்சீங்களா" என்று நடுவில் புகுந்துவிடுகிறாய். அதற்குள் பாப்பா அழுகிறாள், போன் கை மாறுகிறது, நான் மாப்பிள்ளையிடம் அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இந்த விஷயத்தை அப்படித் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு மனசில்லை. யாரும் குறுக்கே பேசாமல், முதலிலிருந்து கடைசிவரை நான் நிதானமாகப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அதனால்தான் கூரியர். வாயைத் திறக்கக் கூடாது என்று உன் தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பட்டாசு வெடிக்காமல் இருப்பதே பெரிய அதிசயம்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள். நாம் இருவரும் சேர்ந்துதான் விசாவுக்குப் போனோம். ரேகை பதியும் மெஷின் கண்ணாடியில் நீ விரலை வைத்தாய், பச்சை விளக்கு எரிந்தது, நீ பாஸ். நான் வைத்தேன், சிவப்பு. துடைத்து வைத்தேன், சிவப்பு. ஆயுள் முழுக்க டைல்ஸ் ஒட்டியவனுக்கு ரேகை ஏது? சிமெண்டும் கலவையும் சேர்ந்து அரித்துத் தின்றுவிட்டன. கவுண்டரில் இருந்த அந்தப் பெண், "கொஞ்ச நாள் சிமெண்ட் தொடாம இருந்துட்டு வாங்க ஐயா, ரேகை திரும்ப வளரும்" என்று நல்லபடியாகத்தான் சொன்னாள். மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் நீ மட்டும் விமானம் ஏறினாய். நான் வாசலில் நின்று கையாட்டினேன்.

அதன்பிறகு நீ போனில் சொன்னது இருக்கிறதே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு விசா கிடைக்காவிட்டால் நீ கிளம்பி வந்துவிடுவதாகச் சொன்னாய். "உங்களை அங்க தனியா விட்டுட்டு என்னால இங்க இருக்க முடியாது" என்றாய். பின்னால் மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வேலைக்குத் திரும்ப வேண்டியவள், பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? என் பத்து விரல் சரியில்லாததற்கு அவள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? அன்றைக்கே முடிவு செய்தேன், தலைகீழாக நின்றாவது இந்த ரேகையை வரவழைப்பது என்று.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். வீட்டு மாடியிலேயே பார்லர் நடத்துகிற கொழுந்தியாள் இருக்கும்போது நான் வேறு யாரைத் தேடிப் போக? என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உன் தங்கை, "அத்தான், இது கை இல்ல, ரோடு" என்றாள். பிறகு வைத்தியம் சொன்னாள். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கை ஊற வேண்டும். துடைத்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. கடைசி இரண்டையும் அவள் இரண்டு தடவை சொன்னாள். என் காதில்தான் ஏறவில்லை.

நடந்ததைக் கேள். சில வாரங்களில் தோல் மெத்தென்று ஆகி, ஓரத்தில் உரியத் தொடங்கியது. விரலைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருந்தது. என் தொழில் என்ன? மேடு பள்ளம் கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்குமா? மட்டம் தப்பிய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிற ஆள் நான். மேஜையில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்த மிக நைசான உப்புத்தாளை எடுத்து, பத்து விரலையும் ஒன்று விடாமல் பாலிஷ் போட்டேன். கண்ணாடி மாதிரி மின்னின. அடுத்த நாள் அந்த மின்னுகிற விரல்களோடு விசா ஆபீஸுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வைத்தேன். சிவப்பு. எல்லா விரலும் சிவப்பு.

அன்றைக்கு உன்னிடம் மெஷின் பழுது என்று சொன்னேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் உன் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ரேகைங்கறதே மேடு பள்ளம்தான் அத்தான்! அதைப் போய் யாராவது மட்டம் பண்ணுவாங்களா!" என்று கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் என்ன சண்டையோ என்று எட்டிப் பார்த்தார். நான் உப்புத்தாளை ஒளித்தேன். சிரித்துக்கொள், ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டர் பெண் சொல்லியிருந்தாள், இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான், அதிலும் ரேகை விழாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி, மறுபடி எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று. அதற்குள் நீ பெட்டி கட்டிவிடுவாய்.

அதற்குப் பிறகு ஆட்சி உன் தங்கை கைக்குப் போனது. முதல் வேலையாக என் உப்புத்தாள் அத்தனையையும் பறிமுதல் செய்தாள். நான் காண்ட்ராக்டரிடம் போய், கலவை தொட மாட்டேன், கையுறை போட்டுக்கொண்டு அளந்து கோடு போட்டுத் தருகிறேன், மற்றவர்கள் ஒட்டட்டும் என்றேன். அவரும் நல்ல மனுஷன், சரி என்றார். ஆனால் பசங்க விடுவார்களா? பெயிண்டர் எனக்கு 'ஹீரோயின்' என்று பேர் வைத்தான். நான் உள்ளே வந்தால், "ஹீரோயின் வர்றாங்க, வெயில் படாம ஓரமா நில்லுங்கடா" என்பான். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு தலை வாருவான். போகட்டும், அவன் சுவர் அடிக்கிற லட்சணத்துக்கு அவனுக்கு அதாவது நன்றாக வருகிறதே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பால்கனியில் எனக்காக வாளி காத்திருக்கும். வெந்நீரில் கை ஊறும்போது கால் மட்டும் சும்மா இருப்பானேன் என்று இன்னொரு வாளி. கற்றாழையைக் கீறி அந்தச் சோற்றை விரலில் வைத்து, காய்ந்ததும் கழுவி, தயிரில் கொஞ்சம் தேன் கலந்து தடவி, மறுபடி கழுவி, கடைசியில் எண்ணெய். நடுவில் எழுந்து போகக் கூடாது, போனைத் தொடக் கூடாது. "மனசு படபடத்தா கை வேர்க்கும், வேர்த்த கை மெஷின்ல விழாது. கண்ணை மூடிக்கிட்டு சும்மா இருங்க அத்தான்" என்பாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் கண்ணில் வெள்ளரிக்காய் வட்டம் இரண்டு வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டும் என் வயிற்றில் இருந்தன. பசித்தது, என்ன செய்ய?

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ முகத்தில் கடலைமாவு பூசி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாயே, அதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று ஏனடி எனக்குச் சொல்லவில்லை? பால்கனியில் காற்று வரும். எதிர்வீட்டு மரத்தில் குருவிகள் இடத்துக்குச் சண்டை போடும். தண்ணீரின் சூடு விரலிலிருந்து தோள்வரை ஏறும். இத்தனை வருஷம் இந்தக் கை எனக்காக உழைத்தது, நான் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விட்டதில்லை. கதவுக் கீலுக்கு விட்டிருக்கிறேன். தோள் வலி குறைந்துவிட்டது. படுத்தால் தூக்கம் வருகிறது. கண்ணாடியில் பார்த்தால் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, வந்து நீயே பார்.

இன்னொரு கூத்து. எங்கள் பூசுவேலைக்காரரின் போன் அவர் விரலுக்குத் திறந்ததே இல்லை, அவர் மனைவியின் விரலுக்கு மட்டும்தான் திறக்கும். அவர் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, அந்த வாளி விஷயம் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு பிளம்பரையும் கூட்டிவந்தார். பிறகு ஒரு நாள் கதவைத் திறந்தால் பெயிண்டர் நிற்கிறான், கையில் சொந்த வாளியோடு! நான் ஒன்றுமே கேட்கவில்லை. "ஹீரோயினுக்குத் தோழி வேணாமா?" என்று அவனே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தான். நம் பால்கனியில் இத்தனை தடியர்கள் வரிசையாக வெந்நீரில் கையை விட்டு, கண்ணில் வெள்ளரிக்காயோடு மல்லாந்து கிடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் தங்கை நடுவில் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி நடந்தாள். பூசுவேலைக்காரரின் போன் இப்போது அவர் விரலுக்குத் திறக்கிறது. அதில் அவர் மனைவிக்குத்தான் அவ்வளவு சந்தோஷம் இல்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். உன் தங்கை பார்லரை மூடிவிட்டுக் கூடவே வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் படியாது என்று ஆபீஸ் வாசலிலேயே சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, தன் துண்டாலேயே துடைத்தாள். உள்ளே அதே பெண். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அவள் முகத்திலும் கொஞ்சம் பயம் தெரிந்தது. வலது கை நான்கு விரலையும் வைத்தேன். விளக்கு யோசித்தது. பச்சை! இடது கை நான்கும். பச்சை! இனி கட்டைவிரல் இரண்டும்தான். கலவை பூசும் கரணையைப் பிடித்துப் பிடித்து அதிகம் தேய்ந்தவை அவைதான் என்று உனக்கே தெரியும். வைத்தேன். சிவப்பு எரிந்தது.

நீ விமானத்திலிருந்து இறங்கி வருவதும், மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றையாக நிற்பதும் கண்முன் வந்தன. பின்னாலிருந்து உன் தங்கை, "அத்தான், பால்கனி" என்று மட்டும் சொன்னாள். நான் கண்ணை மூடினேன். மூச்சை இழுத்து விட்டேன். குருவிச் சண்டையை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அழுத்தாதீங்க ஐயா, சும்மா வைங்க" என்றாள். சும்மா வைத்தேன். சும்மா இருப்பதில்தான் நான் இப்போது கில்லாடி ஆயிற்றே.

பச்சையடி! பச்சை! நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தான். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமலேயே கைதட்டினார்கள். உன் தங்கை கவுண்டர் என்றும் பாராமல் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கம் இல்லை. கவுண்டர் பெண், "என்ன ஐயா பண்ணீங்க?" என்று கேட்டாள். விடுவேனா? கற்றாழையில் தொடங்கி கையுறைவரை ஒப்பித்தேன். வரிசையில் இருந்த ஒருவர் போனில் பதிவு செய்துகொண்டார். நேற்று பாஸ்போர்ட் விசாவோடு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையிடம் இன்று இரவு பேசி டிக்கெட் போடச் சொல்கிறேன், உன்னிடம் சொல்லாமல்தான். அவர் முழித்தால் கண்டுகொள்ளாதே. இந்தக் கடிதம் வந்து ஒரு வாரத்துக்குள் நான் அங்கே இருப்பேன்.

ஆகவே நீ பெட்டி கட்டும் யோசனையை விடு. மகளிடம் சொல், அவள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம், பகலில் பாப்பாவை நானும் நீயும் பார்த்துக்கொள்வோம் என்று. குழந்தையைக் குளிப்பாட்டுவது என் வேலை, இப்போதே சொல்லிவிட்டேன், அதில் பங்கு கேட்காதே. வெதுவெதுப்பான தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுச் சாவி உன் தங்கையிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பால்கனிக்கு விடச் சொல்லியிருக்கிறேன்.

பாப்பா நன்றாகத் தூங்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், யார் தயவும் இல்லாமல் நினைத்த ஊருக்கெல்லாம் போய் வரட்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு போவார், நாம் வீட்டில் சமைத்து வைக்கலாம் என்று விமான நிலையத்துக்கு வராமல் இருந்துவிடாதே. சாப்பாடு எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். நீ வா. கூட்டத்தில் என்னைத் தேடித் தவிக்க வேண்டாம், நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். பத்துப் பேர் பார்த்தாலும் பரவாயில்லை, வந்து பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட
உன் வீட்டுக்காரன்