என் தலைமாட்டுக்கு இழுத்த வயர்

அன்புள்ளவளுக்கு,

நானும் வாண்டும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேச முடியாத சங்கதி, அதனால் எழுதுகிறேன். உன் மகளுக்குப் பாம்புக் காது.

அவள் ஏன் போனுக்கு வருவதே இல்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். படிக்கிறாள், தூங்கிவிட்டாள் என்று புளுகிக்கொண்டிருந்தேன். நீ வேலைக்கென்று கிளம்பிப்போன மாதத்திலிருந்து படுக்கையை நனைக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். "எட்டு வயசாச்சு, வெக்கமா இல்லையாடி?" என்று ஒரு நாள் போனில் கேட்டாயே, அன்றிலிருந்து போன் அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வாரம் நானும்தான் கத்தினேன்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். "வேணும்னு செய்யறாளா என்ன? அசந்து தூங்குற பிள்ளை, அவ்வளவுதான். திட்டாதீங்க" என்று சொல்லி, ஒரு சின்ன மணிக்கருவியைக் கொடுத்தார். உள்ளாடையில் மாட்டிவிட்டால் ஈரம் பட்டதும் அலறும். பிள்ளை விழித்து, தன் கையாலேயே நிறுத்திவிட்டு, கழிவறைக்குப் போய்வர வேண்டும். நாளாக ஆக, மணி அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடுமாம்.

நான்தான் ரிப்பேர்க்காரன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? முதல் நாள் அது போட்ட கூச்சலில் பிள்ளை மிரண்டு அழுதாள். மனசு கேட்கவில்லை. மறுநாள் கடையில் மிக்ஸிகளை ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் பிரித்தேன். அலறும் பகுதியைக் கழற்றி, நீளமாக வயர் கொடுத்து, என் தலைமாட்டுக்கு இழுத்துவிட்டேன். அவள் தூங்கட்டும், நான் எழுந்துகொள்கிறேன் என்று நினைப்பு. அடித்ததும் ஓடிப்போய்த் தூக்குவேன், துணி மாற்றுவேன், தோளில் போட்டுத் தட்டுவேன். அவளுக்கு எதுவும் தெரியாது.

நாற்பது நாள் ஆயிற்று. ஒரு நாள்கூட விரிப்பு நனையாமல் விடியவில்லை. மறுபடி கூட்டிப்போனேன். டாக்டரம்மா கருவியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மணிக்கு நல்லாப் பழகினது நீங்கதான் சார். இனிமே உங்க படுக்கை நனையவே நனையாது" என்றார். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என் மானம் போயிற்று. ஆனால் நீ போனபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உன்னிடம் மறைப்பானேன்? அந்த வயரை நாற்பது நாள் கழற்றாமல் விட்டதற்கு அவள் அழுகை மட்டும் காரணமில்லை. தூக்கும்போது அரைத்தூக்கத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்பாள். நானும் "ம்" என்பேன். மற்ற நேரம் என்னைத் தொட்டுப் பேச இந்த வீட்டில் ஆள் இல்லை. சில நாள் மணி எப்போது அடிக்கும் என்று காத்துக்கிடந்தேன். நினைத்தால் சீ என்று இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் போய்வந்த அன்றைக்கே மணியைப் பழையபடி அவளிடமே மாட்டிக்கொடுத்துவிட்டேன். முதல் வாரம் பக்கத்தில் நின்று உலுக்க வேண்டியிருந்தது. பிறகு அவளே எழுந்தாள், அவளே நிறுத்தினாள். நனைந்த விரிப்பை இருவருமாக மாற்றினோம். தொடர்ந்து பதினான்கு இரவு நனையாவிட்டால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நேற்றோடு பதினொன்று. காலண்டரில் வட்டம் போடுகிறாள், பேனாவை மட்டும் என்னிடம் தருவதில்லை. "நீங்க வயர் இழுக்கிற ஆளுப்பா" என்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பதினான்கு முடிகிற சமயமாக இருக்கும். அவளே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறாளாம். குளியலறைக்குள் ஒத்திகை நடக்கிறது. புதிதாகக் கேட்பவள்போல் கேட்டுக்கொள். நடுவில் ஒரு நாள் தவறிப்போயிருந்தாலும், "பரவாயில்லடி" என்று நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது அவளுக்கு எடுபடாது.

அவள் பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே. என்னையும் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் அப்படியே இரு.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் மணி அடிக்காமலே விழித்துக்கொள்ளும்
உன் வீட்டுக்காரன்